அணு உலையும் அதன் சாம்பலும்

விறகு எரிந்தால் வெப்பம் பிறக்கும், சாம்பல் எஞ்சும். அணு உலையும் ஓர் அடுப்பே. ஆயினும், அதன் சாம்பலிலே புதியதொரு தீயின் வித்து அடங்கியிருக்கின்றது. அணு உலையின் வரலாறு பெரிதும் அச்சாம்பலின் வரலாறேயாகும்.

1942ஆம் ஆண்டு திசெம்பர் 2ஆம் நாள், சிக்காக்கோப் பல்கலைக்கழக விளையாட்டரங்கின் படிமேடைக்குக் கீழே முதல் அணு உலை இயங்கிற்று. அதனை அமைத்தவர், இத்தாலியை விட்டு அமெரிக்கா புகுந்த பேராசிரியர் என்றிக்கோ பேர்மியும் அவர்தம் குழுவினருமாவர். காரீயக் கட்டிகளை 57 படைகளாக அடுக்கி, இடையிடையே யுரேனியத்தைப் பொதிந்து வைத்தனர்.

யுரேனிய அணுக்கருவை நியூத்திரன் ஒன்று தாக்கின் அது பிளவுறும், வெப்பம் தோன்றும், இரண்டு மூன்று புதிய நியூத்திரன்கள் வெளிப்படும். அவற்றின் வேகத்தைக் காரீயம் தணிக்கும். வேகந் தணிந்தவை அடுத்த அணுக்கருக்களை எளிதிற் பிளக்கும். கட்மியமோ நியூத்திரன்களை விழுங்கிவிடும். ஆதலின், கட்மியக் கோலை உள்ளே செலுத்தினால் தீ அடங்கும்; வெளியே இழுத்தால் வளரும். அன்று பிற்பகல் 3.25 மணிக்கு, பிளவுத்தொடர் தானே நிலைபெற்று நடந்தது. அப்போது பிறந்த ஆற்றல் அரை உவாற்று மாத்திரமே. கைவிளக்கின் சிறு குமிழை எரிப்பதற்கும் அது போதாது.

இயற்கை யுரேனியத்தில் ஆயிரம் அணுக்களுள் ஏறக்குறைய ஏழே எளிதிற் பிளவுபடுவன. எஞ்சியவற்றுட் சில நியூத்திரனை ஏற்றுப் புளுத்தோனியமாக மாறுகின்றன. போர்க்கால அமெரிக்கா வேண்டியது இதனையே. 1944 செத்தெம்பரில், வாசிங்டன் மாநிலத்து ஹான்போட்டில், கொலம்பியா ஆற்றங்கரையிற் பேருலை ஒன்று தொழிற்படத் தொடங்கிற்று. ஆற்றுநீர் அதனைக் குளிர்வித்தது. வெப்பம் முழுவதும் வீணே ஆற்றிற் கலந்தது. பிரித்தெடுத்த புளுத்தோனியமோ 1945 ஓகத்து 9ஆம் நாள் நாகசாக்கி நகரை அழித்தது.

அணு வெப்பம் மின்சாரமாகி நான்கு விளக்குகளை முதன்முதல் ஏற்றியது 1951 திசெம்பர் 20ஆம் நாள், ஐடகோ மாநிலத்திலாகும். 1956 ஒற்றோபர் 17ஆம் நாள் இங்கிலாந்தின் கோல்டர் ஹோல் மின்னிலையத்தை இரண்டாம் எலிசபெத்து மகாராணியார் திறந்து வைத்தார். மக்கள் ஒளியைக் கண்டு மகிழ்ந்தனர். ஆயின், தொடக்க ஆண்டுகளில் அவ்வுலைகளின் தலையாய பணி படைக்கலத்துக்குரிய புளுத்தோனியத்தை ஆக்குதலே. 2003இல் அவை ஓய்ந்தன.

யுரேனியம் எரியும் உலை எந்நாட்டில் இருப்பினும், எரிபொருளினுள்ளே புளுத்தோனியம் விளைந்தே தீரும். அது பாதியாகக் குறைவதற்கு ஏறக்குறைய 24,000 ஆண்டுகள் செல்லும். 1957இல் நிறுவப்பெற்ற சர்வதேச அணுசக்தி முகவராண்மையின் கண்காணிப்பாளர், மின்னிலையங்களிலே எரிந்து முடிந்த கோல்களையும் எண்ணிக் கணக்கெடுப்பது இதனாலேயே. அடுப்பின் வெப்பத்தை விரும்பும் நாடு, அதன் சாம்பலுக்கும் தலைமுறை தலைமுறையாகக் காவலிருத்தல் வேண்டும்.