பனியன் ஊரின் வீட்டுப் பேச்சு

கொங்கு வட்டாரத்தில் மரியாதைச் சொல் சிறியவரிடமிருந்து பெரியவருக்கு மட்டும் செல்வதன்று; மகனைக் ‘கண்ணு’ என்றும் ‘சாமி’ என்றும், மகளை ‘அம்மிணி’ என்றும் அழைத்து, ‘சாப்பிடுங்க சாமி’ என்று பிள்ளைக்கும் ‘ங்க’ விகுதி சேர்த்துப் பேசுவது இங்குள்ள பெற்றோருக்குப் பழகிய வழக்கு. இவ்வழக்கு திருப்பூரில் பனியன் தொழில் வேரூன்றிய பின் என்னவாயிற்று என்று அறிய விரும்புவோர் வீட்டைப் பார்க்கும் முன் பனியன் கம்பெனியைப் பார்க்க வேண்டும்; ஏனெனில் தொழில் முதலில் மாற்றியது பேசும் முறையை அன்று, பேசுவதற்கு இருந்த பொழுதை.

தொழில் வருமுன், வானம் பார்த்த காட்டிலும் கிணற்றடித் தோட்டத்திலும் பெற்றோருக்குப் பக்கத்திலேயே நின்று பிள்ளைகள் வேலை பழகினர். 1920களில் பின்னலாடைத் தொழில் ஊருக்குள் வந்த பிறகும் அந்த நெருக்கம் உடனே அறுந்துவிடவில்லை. ஒரே மோட்டாரில் பல தையல் எந்திரங்கள் ஓடும் நீண்ட மேசையான ‘பவர் டேபிளில்’ டெய்லர் தைத்துத் தள்ளும் துண்டை எடுத்து, நூல் பிசிறு நீக்கி, மடித்து அடுக்குபவருக்குக் ‘கைமடி’ என்று பெயர். அந்த இடத்தில் சிறுவர்களும் சிறுமியரும் இருந்தனர்; சில சமயம் டெய்லரின் சொந்தப் பிள்ளையே இருந்தது. தைத்த துண்டுகளின் எண்ணிக்கைக்குக் கூலி தரும் ‘பீஸ் ரேட்’ முறையில் கைமடி தாமதித்தால் டெய்லரின் கூலி குறையும் என்பதால், வீட்டில் ‘சாமி’ என்று அழைக்கப்பட்ட பிள்ளை டேபிளில் அதட்டலைக் கேட்டது. தந்தையே மேற்பார்வையாளரும் ஆகிவிட்ட இடத்தில் கொஞ்சுமொழிக்கு நேரம் ஏது? சனிக்கிழமைச் சம்பளம் பெற்றோர் கைக்கே போய்ச் சேர்ந்தது என்றாலும், சம்பாதிக்கும் பிள்ளையின் பேச்சுக்கு வீட்டில் ஒரு தனி எடை கூடியதையும் மறுப்பதற்கில்லை.

1978இல் அன்டோனியோ வெரோனா என்ற இத்தாலிய வணிகர் வந்ததை ஏற்றுமதியின் தொடக்கமாக ஊரார் சொல்வர். அதன்பின் ஆர்டர்கள் பெருகப் பெருகக் குழந்தைத் தொழிலாளரும் பெருகினர். 1990களில் தொண்டு நிறுவனங்களின் எதிர்ப்பும் அயல்நாட்டு வாங்குவோரின் நிபந்தனைகளும் அவர்களைப் படிப்படியாகக் கம்பெனிகளிலிருந்து வெளியேற்றின. ஐயமின்றி நல்ல மாற்றம் இது. ஆனால் பள்ளிக்குச் சென்ற பிள்ளையும் கம்பெனிக்குச் சென்ற பெற்றோரும் பகல் முழுதும் ஒருவரை ஒருவர் பார்க்காத வாழ்க்கை அதனோடு சேர்ந்தே வந்தது.

முதலாளிகளின் வீட்டுக் கதை வேறு. தொழிலாளியாகத் தொடங்கி முதலாளியான கவுண்டர் சமூகத்தினர் தம் வளர்ச்சிக்கு ‘உழைப்பு’ என்ற ஒற்றைச் சொல்லையே காரணமாகச் சொன்னதை ஆய்வாளர் ஷரத் சாரி 2004இல் வெளியான தம் ஆய்வு நூலில் விரிவாக எழுதியுள்ளார். அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்து, டேபிளில் ஒருநாளும் அமராமல் நிர்வாக அறைக்குப் போன மகனுக்கு அது அறிவுரையாகவும் குத்தலாகவும் ஒருங்கே ஒலித்திருக்கும்.

மிகக் கடுமையான பிரிவு நூற்பாலைகளில் நேர்ந்தது. ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில், மூன்றாண்டு வேலைக்குப் பின் திருமணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகக் கூறி, பிற மாவட்டங்களின் ஏழைக் குடும்பப் பெண்களைக் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார ஆலைகள் விடுதிகளில் தங்கவைத்தன. கைப்பேசி மறுக்கப்பட்டதையும், வீட்டுக்குப் பேசுவது கண்காணிக்கப்பட்டதையும் 2011இல் வெளியான ஒன்று உட்படப் பல ஆய்வறிக்கைகள் பதிவு செய்தன. விடுதி வார்டன் காதில் விழும்படி ‘நல்லா இருக்கேம்மா’ என்பதைத் தவிர ஒரு மகளால் வேறென்ன சொல்லியிருக்க முடியும்?

விடுதி வாழ்க்கை இல்லாத குடும்பங்களிலும் ஆர்டர் நெருக்கும் நாட்களில் ஒன்றரை ஷிப்ட் காலை எட்டரை மணிக்குத் தொடங்கி இரவு எட்டரை மணிக்கு முடிகிறது. பள்ளிக்கூடம் மாலையிலேயே விட்டுவிடுகிறது.