ரெபோசோ: மெக்ஸிகோ பெண்களின் ஆல் இன் ஆல் சால்வை!

ஓவியர் ஃப்ரீடா காலோவை இன்ஸ்டாவில் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. சேர்ந்த புருவம், தோளில் மெஜந்தா நிறச் சால்வை. 1939-ல் நிக்கோலஸ் முரே எடுத்த அந்த போட்டோவில் ஃப்ரீடா போர்த்தியிருப்பதுதான் ரெபோசோ.

அப்படி என்ன ஸ்பெஷல்?

பார்க்க நம்ம துப்பட்டா மாதிரிதான். ஒன்றரை முதல் மூன்று மீட்டர் வரை நீளம், இரண்டு முனையிலும் கையால் முடிச்சு போட்ட குஞ்சம். மெக்ஸிகோ பழங்குடிகளின் நெசவு, ஸ்பெயின்காரர்களின் முக்காடு, மணிலாவிலிருந்து கப்பலில் வந்த ஆசியத் துணிகள் எல்லாம் கலந்து உருவானது என்கிறார்கள்.

எதுக்கெல்லாம் பயன்படும்?

சர்ச்சில் முக்காடு, குளிருக்குப் போர்வை, சந்தையில் மூட்டை, முதுகில் குழந்தைக்குத் தூளி. பிரசவ வலியில் இருக்கும் பெண்ணின் இடுப்பைச் சுற்றிப் பிடித்து, மெல்ல அசைத்து வலியைக் குறைக்கவும் மருத்துவச்சிகள் இதைப் பயன்படுத்துறாங்க. 1910-ல் தொடங்கிய மெக்ஸிகோ புரட்சியில் படையோடு போன பெண்கள், குழந்தையையும் தோட்டாக்களையும் இதில்தான் சுமந்தார்கள்.

எப்படி நெய்றாங்க?

நூலை அங்கங்கே இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி, அப்புறம்தான் தறியில் ஏற்றுவாங்க. கட்டிய இடத்தில் சாயம் ஏறாது, அதுவே டிசைன். நம்ம போச்சம்பள்ளி இக்கத் சேலையிலும் இதே டெக்னிக்தான். சான்டா மரியா டெல் ரியோ ஊரின் பட்டு ரெபோசோ அவ்வளவு மென்மை, ஒரு மோதிரத்துக்குள்ளேயே நுழைந்து வெளியே வந்துவிடும். டெனான்சிங்கோ ஊர், பருத்தி ரெபோசோவுக்கு ஃபேமஸ். குஞ்சத்துக்கு முடிச்சு போடவே வாரக்கணக்கில் ஆகும். பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை அது.

ஒரிஜினலா, டூப்பா?

இங்கேதான் சிக்கல். மெஷினில் தயாரான செயற்கை நூல் சால்வைகள் அதே பெயரில், சல்லிசான விலையில் சந்தைக்கு வந்துடுச்சு. மாதக்கணக்கில் உழைக்கும் நெசவாளர் அந்த விலைக்குக் கொடுக்க முடியுமா? வருமானம் இல்லாத தொழிலுக்கு அடுத்த தலைமுறை எப்படி வரும்?

ஆன்லைனிலோ டூரிலோ வாங்கப் போறீங்களா? இதைச் செக் பண்ணுங்க:

* துணியைத் திருப்பிப் பாருங்க. கட்டிச் சாயமேற்றியதில் இரண்டு பக்கமும் டிசைன் ஒரே மாதிரி தெரியும். பிரின்ட் என்றால் பின்பக்கம் வெளிறியிருக்கும்.
* டிசைனின் ஓரம் லேசா கலங்கியிருக்கும். அது குறை இல்லை, கட்டிய நூலின் அடையாளம்.
* குஞ்சத்தின் முடிச்சுகளைக் கவனிங்க. கைவேலை என்றால், துணியின் பாவு நூலே நீண்டு குஞ்சமாகியிருக்கும். தனியாகத் தைத்து ஒட்டியிருக்காது.

நம்ம கைத்தறிச் சேலை வாங்கும்போதும் இதே கண்ணோடு பாருங்க ஃப்ரெண்ட்ஸ்!