லாரி கொடுத்த படகு

கொங்கு நாட்டில் லாரித் தொழில் வளர்ந்தபோது ஆற்றோரத்துப் பிள்ளைகளுக்கு ஒரு படகும் கிடைத்தது. பத்து இடத்தில் ஒட்டுப் போட்டு, இனி லாரிக்கு ஆகாது என்று கழித்துப் போட்ட டியூப்தான் அந்தப் படகு. நான் சொல்றது எங்க பரமத்தி வேலூர்ப் பக்கத்துக் கதைங்க. ஜெயில் இருக்கிற வேலூர் இல்லை. வெற்றிலையும் வாழையும் விளையற காவிரிக்கரை வேலூர்.

சித்திரை, வைகாசியில் ஆற்றில் தண்ணி கம்மி. மேட்டூரிலிருந்து குடிதண்ணிக்கு மட்டும் விடுவாங்க. ரெண்டு மைல் மேலே நடந்து போய், டியூப்பைத் தண்ணியில் போட்டு, ஓட்டைக்குள் இடுப்பை வெச்சு மல்லாந்து படுத்தால் போதும். கால் வெளியே, கை ரெண்டும் துடுப்பு. மீதியை ஆறு பார்த்துக்கும். ஒரு லாரி டியூப் நூறு கிலோவுக்கு மேலேயே தாங்கும். வெயிலில் கறுப்பு ரப்பர் அடுப்புக் கல்லு மாதிரி காயும், அதனால் அப்பப்போ தண்ணியை வாரி மேலே ஊத்திக்கணும். காற்றடிக்கிற வால்வு விலாவில் குத்தாமல் இருக்க அதுக்கு ஒரு துணி சுத்துவோம். இதையே இப்போ டியூபிங்னு பேர் வெச்சு சுற்றுலா இடங்களில் காசு வாங்கறாங்களாம். நல்லா இருக்கட்டும்.

டியூப் நேற்று வந்தது, மிதக்கிற வித்தை ரொம்பப் பழசு. சங்கப் பாட்டில் இதுக்குப் பேர் புணை. மரத்தையோ வேழத்தையோ, அதாவது நாணல் மாதிரியான கொறுக்கையையோ, சேர்த்துக் கட்டினது புணை. அதைப் பிடிச்சுக்கிட்டு ஆணும் பெண்ணும் புதுப்புனல் ஆடியிருக்காங்க. எல்லா ஊரும் நம்ம ஊர்தான்னு பாடின கணியன் பூங்குன்றனாரை எல்லாருக்கும் தெரியும். அதே பாட்டில், புறநானூறு 192ல், ஆற்றோடு போகிற புணையை உயிருக்கு உவமையாச் சொல்றார். அந்த வரி பலருக்கு ஞாபகம் இருக்கறதில்லை. ஒரு தடவை டியூப்பில் படுத்துப் போனவனுக்கு அது மறக்காது.

காற்றை அடைச்சு மிதக்கிறதும் பழசுதான். அசீரிய நாட்டு அரண்மனைச் சிற்பம் ஒண்ணு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கு. கி.மு. 9ஆம் நூற்றாண்டு. ஆட்டுத் தோலை ஊதி நெஞ்சுக்கடியில் வெச்சுக்கிட்டு மனுசங்க ஆற்றை நீந்தற காட்சி. நம்ம பக்கம் தோல்பைக்கும் கொல்லன் உலைக்குக் காற்றடிக்கிற பைக்கும் துருத்தின்னு பேர். ஆற்றுக்கு நடுவில் இருக்கிற திட்டுக்கும் துருத்திதான் பழைய பேர். திருப்பூந்துருத்தி ஞாபகம் வருதுங்களா?

எங்க அப்பாரு காலத்தில் ரப்பர் ஏது. நீச்சல் பழகறதுக்குக் காய்ந்த சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டி விடுவாங்க. ஆற்றுக்கு வாழை. தார் வெட்டின மரத்தை நாலைச் சேர்த்து, குறுக்கே மூங்கில் குச்சியைச் செருகி, நாரால் கட்டினால் தெப்பம். வாழை மட்டைக்குள்ளே அறை அறையா காற்றுத்தான், அதனால் மிதக்கும். நாலு நாளில் அழுகிடும், போனால் போகட்டும், தோட்டத்தில் அடுத்த மரம் இருக்கு. அக்கரைக்கு ஆளும் மூட்டையும் போறதுக்குப் பரிசல். மூங்கிலைக் கூடையாப் பின்னி, அந்தக் காலத்தில் எருமைத்தோல் போர்த்துவாங்க. இப்போ தார் பூசின சாக்கும் பிளாஸ்டிக்கும். சென்னை மாகாண மீன்வளத் துறையில் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1946ல் உலகத்துத் தோணிகளைப் பற்றி எழுதின பெரிய புத்தகத்தில் மிதவை, தோல்பை, பரிசல் எல்லாத்துக்கும் மரியாதையா இடம் கொடுத்திருக்கார். படிச்சவங்க இதை ஏழைகளோட விளையாட்டுன்னு ஒதுக்கலைங்கறது எனக்கு ஒரு சந்தோசம்.

ரப்பருக்கு வருவோம். காற்றடைத்த சக்கரத்துக்கு ராபர்ட் தாம்சன் 1845லேயே காப்புரிமை வாங்கினார், யாரும் கண்டுக்கலை. 1888ல் டன்லப் தன் மகனோட மூணு சக்கர சைக்கிளுக்காக அதையே மறுபடி செஞ்சார், உலகம் முழுக்கப் பரவிடுச்சு. இன்னிக்கு டயருக்குப் பேர்போன எம்.ஆர்.எஃப். 1946ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யற கொட்டகையா ஆரம்பிச்சதுதான். அப்புறம் நாமக்கல்லில் லாரி பாடி கட்டற பட்டறைகள், சங்ககிரி லாரிகள், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள். ஊருக்கு ஊர் பஞ்சர் கடை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் கழித்துப் போட்ட டியூப் ஒவ்வொரு கடை வாசலிலும் குவிஞ்சு கிடக்கும். ரெண்டு டியூப்பைச் சேர்த்து மேலே கயித்துக் கட்டிலைக் கட்டி, திட்டிலிருந்து மாட்டுக்குப் புல்லு கொண்டுவந்த ஆட்களும் உண்டு.

ஆனால் டியூப் மட்டும் இருந்தால் ஆகாதுங்க, ஆறு சாதுவா இருக்கணும். அந்தச் சாதுத்தனம் காவிரிக்குப் பிறவிக்குணம் இல்லை. கழார்த் துறையில் நீராடின ஆட்டனத்தியைக் காவிரி அடிச்சுட்டுப் போன கதையும், ஆதிமந்தி கரையோரம் அழுதுகிட்டே தேடி அலைஞ்ச கதையும் சங்கப் பாட்டிலேயே இருக்கு. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளத்தை அப்பாரு சின்னப் பையனாப் பார்த்தவர். ஆற்றில் வீட்டுக்கூரை மிதந்து போச்சும்பார். அடுத்த வருசம், 1925ல், மேட்டூர் அணை வேலை ஆரம்பிச்சு 1934ல் முடிஞ்சது. தண்ணிக்கு ஒரு தேதி வந்தது, ஜூன் 12. வைகாசிக் காவிரி எந்த அளவில் ஓடணும்கிறதும் மதகு முடிவு பண்ற விசயமாச்சு. ஆக, நாங்க மிதந்த அந்தச் சாதுவான ஆறு பாதி மனுசன் செஞ்ச ஆறு.

அப்புறம் கதவணைகள். செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை, வெண்டிபாளையம், சோழசிராமணின்னு மின்சாரத்துக்காக ஆற்றைக் குறுக்கே மறிச்சுக் கட்டினாங்க. மின்சாரம் வேண்டாம்னு நான் சொல்ல முடியாது, என் மோட்டாரும் அதில்தான் ஓடுது. ஆனால் ஆறு படிக்கட்டாயிடுச்சு. கதவுக்கு மேலே நிக்கற குளம், டியூப் நகராது. கதவுக்குக் கீழே எப்போ தண்ணி திறப்பாங்கன்னு தெரிஞ்சு இறங்கணும்.

பெரிய மாற்றம் மணல். முன்னெல்லாம் காவிரியில் இறங்கினால் கணுக்கால், முழங்கால், இடுப்புன்னு ஆழம் கொஞ்சங்கொஞ்சமா ஏறும், காலே அளந்து சொல்லிடும். ஊர் ஊரா வீடு கட்ட மணல் போச்சு, லாரி லாரியா போச்சு. படகு கொடுத்த லாரியே ஆற்றோட தரையை அள்ளிக்கிட்டுப் போச்சு. இப்போ கணுக்கால் தண்ணியில் நடக்கறவன் அடுத்த அடியில் ரெண்டு ஆள் ஆழத்தில் இருப்பான். மேலே பார்த்தால் ஒரே மாதிரி பளபளன்னுதான் தெரியும். குழியோட ஓரம் வெறும் மணல், கால் வெச்சால் சரியும், பிடிச்சு ஏற ஒண்ணும் இருக்காது.

வெளியூர்லிருந்து லீவுக்கு வர்ற பையன்கள் இதில்தான் மாட்டிக்கறாங்க. டியூப் முழுகறதில்லைங்க. தரை தெரியுதுன்னு நினைச்சு டியூப்பை விட்டு இறங்கறவன்தான் முழுகறான். ஒருத்தனைக் காப்பாற்ற அடுத்தவன் கையைப் பிடிச்சு, வரிசையா நாலு பேர் போன செய்தியை வருசா வருசம் பேப்பரில் நீங்களே படிக்கறீங்க. அப்படி ஒரு சாயங்காலம் எங்க ஊர்ப் பரிசல்காரரோடு நானும் கரையில் நின்னேன். அந்தப் பையனோட அம்மா அன்னிக்குக் கேட்டதுக்கு எங்க யாருகிட்டேயும் பதில் இல்லை.

லாரிகளும் இப்போ டியூப்லெஸ் டயருக்கு மாறிட்டு வருது. பழைய டியூப் கிடைக்கறதே குறைஞ்சு போச்சு. கடையில் விற்கிற காற்றடைத்த மிதவை மெல்லிசு, ஒரு கருவேல முள் போதும், முடிஞ்சது கதை.

தங்கச்சி பசங்க லீவுக்கு வந்தால் நான் ஆற்றுக்கு விடறதில்லை. ஜேடர்பாளையத்திலிருந்து வர்ற ராஜா வாய்க்கால் எங்க வாழைக்காட்டு ஓரமாத்தான் போகுது. ரெண்டு பக்கமும் கரை, அடியில் தரை, மார்பளவு தண்ணி. ஒரு பாலத்தில் இறங்கி அடுத்த பாலத்தில் ஏறிக்கலாம். நான் மடை திறக்க வரும்போது மட்டும் டியூப்பை ஓரமா ஒதுக்கிக்கணும்னு சொல்லி வெச்சிருக்கேன்.