மண்டபத்தில் தொடங்கிய மீன் கணக்கு

1910-இல் உருவான பழைய இராமநாதபுரம் மாவட்டம் 1985-இல் மூன்றாகப் பிரியும் வரை அருப்புக்கோட்டை, திருச்சுழி, மண்டபம் மூன்றும் ஒரே மாவட்டத்து ஊர்கள். கரிசலும் கண்மாயுமான நம் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக்குக் கடல் தூரம்; கருவாடு தூரமில்லை. கடல்மீன் வளத்தை அளந்து சொல்லும் இந்திய அறிவியல் வேர்விட்டு வளர்ந்த இடங்களில் நம் பழைய மாவட்டத்துக் கடற்கரை முதன்மையானது. இம்மலரில் அதைப் பதிவு செய்வது நம் கடமை.

தோற்றமும் வளர்ச்சியும்

இந்த அளவுப் பணியைச் செய்யும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947 பிப்ரவரி 3 அன்று தொடங்கப்பட்டது. 1949-இல் அதன் தலைமையகம் மண்டபம் முகாமுக்கு வந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன நம் சீமை மக்களை நிறுத்தி, நோய் பார்த்து, கப்பலேற்றிய இடம் அது. என். கே. பணிக்கர், எஸ். ஜோன்ஸ் ஆகிய இயக்குநர்களின் காலத்தில் மண்டபம் உலகக் கடலாய்வாளர்கள் அறிந்த பெயராயிற்று. 1958-இல் இந்தியக் கடல் உயிரியல் சங்கமும் அங்கேதான் பிறந்தது. சாவாளை மீன்களைப் பற்றிய பி. எஸ். பி. ஆர். ஜேம்ஸின் பெருநூலை அச்சங்கம் 1967-இல் வெளியிட்டது. அவர் பின்னாளில் நிறுவனத்தின் இயக்குநரானார். 1971-இல் தலைமையகம் கொச்சிக்குப் போனது. மண்டபத்தில் மண்டல மையம் நிலைத்தது. 2010-இல் கடல் விரால் குஞ்சுகளை இந்தியாவில் முதன்முதலாகப் பொரிக்கவைத்த பெருமையும் அதற்கு உண்டு.

அளக்கும் முறை

கடலுக்குள் இருக்கும் மீனை எண்ண முடியாது. கரைக்கு வந்ததைக் கொண்டுதான் உள்ளே இருப்பதைக் கணிக்க வேண்டும். களப்பணியாளர்கள் இறங்குதளங்களில் சில நாள்களையும் சில படகுகளையும் முறைப்படி தேர்ந்தெடுத்து மீனை எடை போடுகிறார்கள். அதிலிருந்து மொத்தப் பிடிப்பு கணிக்கப்படுகிறது. ஒவ்வோர் இனத்திலும் நீளம் அளந்து, வயிற்றைக் கீறிச் சினை பார்க்கிறார்கள்.

குளிர்நாட்டு மீனின் காதுக்கல்லில் அதன் வயதைக் காட்டும் ஆண்டு வளையங்கள் தெளிவாகப் படியும். பருவ வேறுபாடு குறைந்த நம் கடலில் அவை பெரும்பாலும் மங்கலாகவே இருக்கும். அதனால் மாதந்தோறும் எடுத்த நீள அளவுகளை அடுக்கிப் பார்க்கிறார்கள். இந்த மாதம் மிகுதியாக இருந்த அளவு அடுத்தடுத்த மாதங்களில் எவ்வளவு நகர்ந்தது என்பதே வளர்ச்சி வேகத்தைச் சொல்கிறது. அதைக் கொண்டு, இயற்கையாகச் சாவது எவ்வளவு, வலையில் சாவது எவ்வளவு என்று பிரிக்கிறார்கள். வலைச் சாவு எல்லை மீறினாலும், முதல் முட்டை இடுமுன்பே மீன் பெருவாரியாகப் பிடிபட்டாலும் வளம் சரியும்.

கணக்கின் பயன்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. சினை பார்த்து அறிந்த இனப்பெருக்கக் காலத்துக்கு விடும் அந்த இடைவெளி விதைநெல்லில் கைவைக்காத சம்சாரியின் கட்டுப்பாடு போன்றது. 2022-ஆம் ஆண்டு நிலவரம் பற்றிய நிறுவன அறிக்கை, ஆராய்ந்த 135 மீன்வளத் தொகுதிகளில் (ஒரு பகுதிக் கடலில் வாழும் ஓர் இனத்தின் கூட்டம் ஒரு தொகுதி) 91.1 விழுக்காடு நலமாக இருப்பதாகக் கூறியது. இது மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் ஒரே இனம் ஒரு கரையில் செழித்து மற்றொரு கரையில் மெலியக்கூடும்; ஓராண்டு செழித்தது மறு ஆண்டு மெலியவும் கூடும். ஆகவே இந்தக் கணக்கை ஓராண்டு எடுத்து நிறுத்திவிட முடியாது.

கட்டடங்களைவிட, எழுபத்தைந்து ஆண்டுகளைக் கடந்தும் விட்டுப்போகாத அளவுப் பதிவே இந்நிறுவனம் சேர்த்த பெருஞ்செல்வம். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பள்ளி மாணவர்களை மண்டபத்துக்கு அழைத்துப்போய் அந்தப் பணியை நேரில் காட்டுவோம். நாளை அந்த அளவுகோலைக் கையில் எடுப்பவர்களில் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டும்.