0451 ஏன் 451 ஆகுது? எக்செலில் எண்கள் மாறாமல் தடுப்பது எப்படி?

திண்டுக்கல்லின் எஸ்டிடி கோடு 0451. பில்லிங் சாஃப்ட்வேரில் இருந்து இதை சிஎஸ்வி ஃபைலாக எடுத்து எக்செலில் திறந்தால், 451 என்றுதான் தெரியும். முன்னால் இருந்த பூஜ்ஜியம் எங்கே போச்சு?

காரணம் என்ன?

சிஎஸ்வி ஃபைலில் எழுத்துகளும் காற்புள்ளிகளும் மட்டுமே இருக்கும். எது எண், எது தேதி என்ற தகவல் இருக்காது. அதனால் எக்செல் தானாகவே ஊகிக்கிறது. எண் என்று முடிவு செய்துவிட்டால், முன்னால் உள்ள பூஜ்ஜியத்தை நீக்கிவிடும்.

யாருக்குச் சிக்கல்?

திண்டுக்கல் பூட்டின் ஹெச்எஸ்என் கோடு 8301. அதற்குப் பிரச்சினை இல்லை. ஆனால் ஒட்டன்சத்திரம் மார்க்கெட் வெங்காயத்துக்கு 0703, சிறுமலை வாழைப்பழத்துக்கு 0803. இவை 703, 803 ஆகிவிடும்.

வங்கிக் கணக்கு எண்ணில் ஆபத்து அதிகம். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே சரியாக வைத்திருக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணில் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். அப்படியே சேவ் செய்தால் அந்த ஃபைலில் இருந்து பழைய எண்ணை மீட்க முடியாது. அந்தப் பட்டியலை வைத்து சம்பளம் போட்டால் பணம் உரியவருக்குப் போகாது.

என்ன செய்யணும்?

* சிஎஸ்வி ஃபைலை டபுள் கிளிக் பண்ணித் திறக்காதீங்க. எக்செலில் 'டேட்டா' பகுதிக்குப் போய் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' மூலம் ஃபைலைத் தேர்வு செய்யுங்க.
* 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா' கொடுத்து, கோடு, கணக்கு எண், ஆதார் உள்ள நெடுவரிசைகளை 'டெக்ஸ்ட்' என மாற்றுங்க. கேட்டால் 'ரீப்ளேஸ் கரண்ட்' கொடுங்க.
* கூகுள் ஷீட்ஸில் இம்போர்ட் செய்யும்போது, டெக்ஸ்ட்டை எண்ணாகவும் தேதியாகவும் மாற்றும் டிக் குறியை எடுத்துவிடுங்க.
* சாஃப்ட்வேரில் வசதி இருந்தால், அந்த நெடுவரிசைகளை டெக்ஸ்ட்டாக வைத்து எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைலாக எடுங்க. அதில் வகையும் சேர்ந்தே பதிவாகும்.

விஞ்ஞானிகளும் தப்பவில்லை!

'மார்ச்1' என்ற மரபணுவின் பெயரை எக்செல் தேதியாக மாற்றியதால், 2020-ல் அதன் பெயரே 'மார்ச்எஃப்1' ஆனது. இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதியை 2023-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. புதிய எக்செலில் ஃபைல், ஆப்ஷன்ஸ், டேட்டா பகுதியில் அது இருக்கும்.

நினைவில் வைக்க ஒரே விதி: கூட்டவோ கழிக்கவோ தேவையில்லாத எண் எதுவானாலும், அதை டெக்ஸ்ட்டாகவே வைக்கணும்.