சுரங்க ஓரத்தில் பூட்டிய குழாய்: நிலத்தடி நீர்க் கண்காணிப்புக் கிணறு எதற்கு?

சுரங்க வேலை நடக்கும் இடத்தில் வேலியோரமாக, முழங்காலுக்குச் சற்று மேலான உயரத்தில், பூட்டுப் போட்ட இரும்புக் குழாய் ஒன்று நின்றால் அது பெரும்பாலும் நிலத்தடி நீர்க் கண்காணிப்புக் கிணறுதான். அதில் வாளி இறங்காது. குடிக்கவோ குளிக்கவோ அந்த நீரை யாரும் எடுப்பதில்லை. பூமிக்கடியில் நீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, அதில் என்ன கலந்திருக்கிறது என்று காட்டுவது மட்டுமே அதன் வேலை.

ஜொகூருக்குச் சுரங்கம் புதிதல்ல. பத்து பகாட் வட்டாரத்தின் ஸ்ரீ மேடானில் 1920களில் ஜப்பானின் இஷிஹாரா நிறுவனம் இரும்புத் தாது வெட்டி ஜப்பானுக்கு அனுப்பியது. கோத்தா திங்கி பக்கம் ஈய லம்பங்கள் இருந்தன. தெலுக் ரமுனியாவில் 1950களில் பாக்சைட் எடுக்கப்பட்டது. அன்று பல தோட்ட லயங்களில் கிணற்று நீர்தான் புழக்கம்.

இன்று வீட்டுக்கு வீடு குழாய் நீர் வந்துவிட்டதால் நிலத்தடி நீர் நமக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியல்ல. ஜொகூரின் குழாய் நீர் பெரும்பாலும் ஆறுகளிலிருந்தும் அணைகளிலிருந்தும் வருகிறது. மழையில்லாத நாள்களில் ஆற்றை ஓட வைப்பதில் கரையோர மண்ணிலிருந்து கசியும் நிலத்தடி நீருக்குப் பெரும் பங்கு உண்டு. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஆற்றை எத்தனை பேர் நம்பியிருக்கிறார்கள் என்பதற்கு அது ஒன்றே போதும்.

சுரங்கத்தால் என்ன கெடுகிறது என்பது தாதுவைப் பொறுத்தது. பாறைக்குள் கந்தகம் கலந்த தாதுக்கள் இருந்தால், வெட்டியெடுத்த பிறகு காற்றும் மழைநீரும் பட்டு அவை கந்தக அமிலமாக மாறுகின்றன. அந்த அமிலம் பாறையிலுள்ள உலோகங்களைக் கரைத்துக்கொண்டு மண்ணுக்குள் இறங்குகிறது. ஈயத் தாதுவோடு ஆர்செனிக் சேர்ந்திருப்பதும் உண்டு. குடிநீரில் ஆர்செனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு. அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது, நாக்குக்கும் தெரியாது. அதனால்தான் கருவி வைத்து அளக்க வேண்டியிருக்கிறது.

கிணறு அமைக்கும் வேலையில் இடம் பார்ப்பதுதான் பாதி வேலை. நீர் ஓடும் திசையைக் கணிக்கக் குறைந்தது மூன்று கிணறுகள் வேண்டும். நீர் வந்து சேரும் மேற்பக்கத்தில் ஒன்றாவது இருக்க வேண்டும். அது சுரங்கம் தீண்டாத நீரைக் காட்டும். மற்றவை நீர் வெளியேறும் கீழ்ப்பக்கத்தில், கழிவுக் குளத்துக்கும் ஆற்றுக்கும் அல்லது குடியிருப்புக்கும் இடையில் இருக்க வேண்டும். மேற்பக்கக் கிணறு இல்லையென்றால், கீழே கெட்டுப்போன நீரைக் காட்டினாலும் "இந்த மண்ணே இப்படித்தான்" என்று தட்டிக்கழித்துவிடலாம். முதல் மண்வாரி இறங்குவதற்கு முன்பே, மழைக்காலத்திலும் வறண்ட காலத்திலும் அளவெடுத்து வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

பிறகு துளையிடுதல். துளைக்குள், வழக்கமாக 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிவிசி குழாய் இறக்கப்படுகிறது. நீர் தாங்கும் அடுக்குக்கு நேரே வரும் பகுதியில் மட்டும் மெல்லிய கீறல்கள் இருக்கும். அதைச் சுற்றிச் சுத்தமான சிலிக்கா மணல் நிரப்பப்படுகிறது. மணலுக்கு மேலே பெண்டோனைட் களிமண். ஈரம் பட்டதும் ஊதிப் பருத்து இடைவெளியை அடைத்துவிடும். அதற்கு மேலே தரை வரை சிமெண்டுக் கலவை. இந்த அடைப்பு சரியில்லையென்றால் மேல்மண்ணின் அழுக்கு நீர் குழாயோரமாகவே கீழே இறங்கும். கண்காணிக்க வைத்த கிணறே மாசுக்கு வழிவிட்டுவிடும். வேலை முடிந்ததும் நீர் தெளியும்வரை இறைக்க வேண்டும். குழாய் விளிம்பின் உயரத்தை நில அளவையாளர் துல்லியமாகக் குறிக்க வேண்டும். இதில் சில சென்டிமீட்டர் தவறினாலும் ஓட்டத்தின் திசையே மாறித் தெரியலாம்.

மாதிரி எடுப்பதற்கும் முறை உண்டு. குழாயில் தேங்கிய பழைய நீர் கணக்கில் வராது. அதன் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு இறைத்துவிட்டு எடுப்பது பழகிய வழி. 50 மில்லிமீட்டர் குழாயில் 10 மீட்டர் நீர் நின்றால் அது சுமார் 20 லிட்டர். ஆக 60 லிட்டர் இறைக்க வேண்டும். அமிலத்தன்மை, மின்கடத்தும் திறன், வெப்பம் ஆகியவற்றை அங்கேயே அளக்கிறார்கள். உலோகங்களுக்கான மாதிரியை வடிகட்டி, அமிலம் சேர்த்து, குளிரூட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். சல்பேட் அளவு காலாண்டுக்குக் காலாண்டு ஏறுகிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. பல இடங்களில் உலோகங்கள் வருவதற்கு முன்பே அது ஏறத் தொடங்கும்.

மலேசியாவில் சுற்றுச்சூழல் துறை 1997இல் தேசிய நிலத்தடி நீர்க் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. குப்பைமேடு, தொழிற்பேட்டை, விவசாய நிலம் ஆகியவற்றோடு முன்னாள் சுரங்க நிலங்களும் அதில் அடங்கும். சுரங்க வேலையை மேற்பார்க்கும் கனிம, புவி அறிவியல் துறையும் நிலத்தடி நீர் ஆய்வுகளைச் செய்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் கேடுதான் அரசை வேகமாக அசைக்கிறது. குவாந்தானில் சாலையும் கடலும் சிவந்த பிறகே, 2016 ஜனவரி 15 முதல் பாக்சைட் சுரங்க வேலை நிறுத்திவைக்கப்பட்டது. நிலத்தடி நீர் அப்படிச் சிவந்து காட்டுவதில்லை.

தமிழகத்தின் நெய்வேலியில் கதை வேறு. அங்கே பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நீர் நிற்பதால், அதைத் தொடர்ந்து இறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். சுற்றியுள்ள கிணறுகளில் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் அங்கே விவசாயிகளின் கவலை.

ஜொகூரில் வீட்டுக்கு அருகே புதிய சுரங்கம் வரப்போவதாகக் கேள்விப்பட்டால், சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கை காட்சிக்கு வந்திருக்கிறதா என்று விசாரிக்கலாம். 2015ஆம் ஆண்டு ஆணையின் இரண்டாம் அட்டவணையில் அடங்கும் திட்டங்களுக்கு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். எழுத்து மூலம் கருத்துச் சொல்லலாம். மேற்பக்கக் கிணறு எங்கே, சுரங்கத்துக்கு முந்தைய அளவீடு எத்தனை மாதத்துக்கு உள்ளது, சுரங்கம் மூடிய பிறகு எத்தனை ஆண்டு அளப்பார்கள் என்று கேட்டு எழுதலாம். கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு: நிலத்தடி நீர் சில இடங்களில் ஆண்டுக்கு ஒரு சில மீட்டரே நகரும். குத்தகை முடிந்து நிறுவனம் போன பிறகும் மாசு வழியில் வந்துகொண்டிருக்கலாம். அளக்க வேண்டிய காலம் முடிந்ததும் கிணற்றை அப்படியே விட்டுவிடக்கூடாது. பெண்டோனைட்டும் சிமெண்டும் இட்டு அடி முதல் தரை வரை அடைத்துவிட வேண்டும்.