மகிழ்ச்சியை அளந்த ஏணி

மகிழ்ச்சி யாது என்னும் வினா மிகப் பழையது. அதனை எண்ணால் அளக்கலாமா என்னும் வினாவோ அண்மைக் காலத்தது. நாடுகள் பலவற்றில் அவ்வாறு அளக்க முற்பட்டோருள் அமெரிக்க உளவியலறிஞர் ஹாட்லி கான்ட்ரில் குறிப்பிடத்தக்கவர். அவர் கையாண்ட கருவி ஓர் ஏணியின் படம். அதன் உச்சிப்படி, ஒருவர் தமக்கு வாய்க்கக்கூடுமென எண்ணும் மிகச் சிறந்த வாழ்வு. அதற்குரிய எண் 10. அடிப்படி, அவர் அஞ்சும் மிகத் தாழ்ந்த வாழ்வு. அதற்குரிய எண் 0. இன்று தாம் எப்படியில் நிற்கின்றார் என்பதை அவரே கூறல் வேண்டும்.

1960இல் கியூபாவில் இவ்வினா கேட்கப்பட்டபோது கிடைத்த சராசரி 6.4. அயலிலுள்ள டொமினிக்கன் குடியரசில் 1962இல் கிடைத்ததோ 1.6. அங்ஙனமாயின், கியூப மக்கள் நான்கு மடங்கு மகிழ்ச்சியுடன் வாழ்ந்தனர் எனக் கொள்ளலாமா?

கொள்ளலாகாது. கியூபாவில் நகரமாந்தரே வினவப்பட்டனர். நாட்டுப்புறத்து உழவர் வினவப்படவில்லை. அன்றியும், 1959 சனவரியில் பட்டிஸ்டாவின் ஆட்சி வீழ்ந்தபின் எழுந்த பெருநம்பிக்கை அப்போது தணிந்திருக்கவில்லை. டொமினிக்கன் மக்களோ, 1961இல் துருகியோ கொல்லப்பட்டதைத் தொடர்ந்த குழப்பத்தின் நடுவே விடையளித்தனர். எல்லாவற்றிற்கும் மேலாக, ஏணியின் உச்சியை அவரவரே வகுத்துக்கொள்கின்றனர். ஒருவருக்கு உச்சியாகத் தோன்றுவது மற்றொருவருக்கு நடுப்படியாகலாம்.

ஆயின் அவ்வாய்வு பயனற்றதா? அதனை நடத்திய லாயிட் பிரீ, நகர மக்களுட் பெரும்பாலார் காஸ்ட்ரோவின் பக்கம் நிற்கின்றனர் என்றும், பழைய ஆட்சி மீளுமோ என அஞ்சுகின்றனர் என்றும் கண்டறிந்தார். அவ்வறிக்கை வாஷிங்டனுக்கு எட்டியும் பொருட்படுத்தப்படவில்லை. 1961 ஏப்பிரலில், அமெரிக்காவின் துணையோடு ஏறக்குறைய 1,400 கியூப அகதிகள் பன்றிகள் விரிகுடாவில் இறங்கினர். மக்கள் கிளர்ந்தெழுவர் என்னும் எதிர்பார்ப்பும் அம்முயற்சிக்குப் பின்னிருந்தது. எவரும் எழவில்லை; மூன்று நாட்களுள் படை முறியடிக்கப்பட்டது.

2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கையும் இவ்வேணியையே பயன்படுத்துகின்றது. 2018 முதல் 2025 வரை அதில் பின்லாந்தே முதலிடம் பெற்றது. மூன்றாண்டு விடைகளின் சராசரியும், பிழை நேரக்கூடிய எல்லையும் இன்று சேர்த்தே தரப்படுகின்றன. எனினும், அடுத்தடுத்து நிற்கும் இரு நாடுகளின் வரிசை பெரும்பாலும் அவ்வெல்லைக்குள்ளேயே அடங்கிவிடும்.

எந்த நாடு உயர்ந்தது எனக் கேட்போருக்கு ஏணி ஐயத்திற்கிடமான விடையையே தரும். ஒரு நாட்டு மக்கள் எதனை விரும்பினர், எதற்கு அஞ்சினர் எனக் கேட்டறிந்தோருக்கோ அது 1960இலேயே மெய்யுரைத்தது.